கோப்பையில்தான் தெரிய வேண்டும்

பழத் தேயிலைப் பொட்டலத்தைப் பிரித்தவுடன் அறை முழுக்க மாம்பழம் மணந்தால், நான் அதை அப்படியே மடித்து வைத்துவிடுவேன். காய்ந்த மாம்பழத்துக்கு அவ்வளவு மணம் கிடையாது. மாம்பழம், அன்னாசி, பலா எல்லாவற்றிலும் வாசனை தருபவை லேசில் ஆவியாகிவிடும் எஸ்டர், டெர்ப்பீன் வகைப் பொருட்கள். நறுக்கி உலர்த்தியில் அடுக்கிய சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி பறந்துவிடும். அன்றைக்கு எங்கள் கூடம் மணக்கும். மறுநாள் கையில் எடுக்கும் துண்டு மணக்காது. மிஞ்சுவது புளிப்பு, இனிப்பு, கொஞ்சம் நிறம். ஆகவே கடைப் பொட்டலத்தில் கண்ணுக்குப் படும் பழத்துண்டு ஒன்று, மூக்கில் ஏறும் பழ வாசனை வேறொன்று. பின்னது பெரும்பாலும் புட்டியிலிருந்து வந்தது.

புட்டியை விஷம் என்று பேசுகிறவர்கள் கட்சியில் நான் இல்லை. நம் உணவுப் பாதுகாப்பு விதிகள் வாசனைப் பொருட்களை இயற்கை, இயற்கையை ஒத்தது, செயற்கை என்று மூன்றாகப் பிரிக்கின்றன. வனிலாக் காயிலிருந்து வனிலின் எடுத்தால் இயற்கை. அதே வனிலினைத் தொழிற்சாலையில் குவையகாலிலிருந்து செய்தால் இயற்கையை ஒத்தது. மூலக்கூறு ஒன்றுதான், நாக்குக்கும் உடம்புக்கும் வேறுபாடு தெரியாது. என் குறை வேறு. தெளித்த வாசனை பொட்டலத்திலேயே பாதி வேலையை முடித்துவிடுகிறது. வெந்நீர் பட்டதும் ஒரே மூச்சில் கிளம்பி, இரண்டாவது மிடறுக்கு வெறும் டீ மட்டும் நிற்கும். தோலும் பட்டையும் வேரும் அப்படி அவசரப்படாது. தேநீர் ஆற ஆற வாசனை மாறிக்கொண்டு வர வேண்டும். கடைசி மிடறிலும் தேயிலை தேயிலையாக இருக்க வேண்டும். இந்தத் தொழிலில் நான் பிடிவாதம் பிடிப்பது இந்த ஒன்றுக்குத்தான்.

என் கூடம் புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் இருக்கிறது. உலர்த்தி, சல்லடைகள், கலக்கும் உருளை, இறுக்கமான மூடி போட்ட டின்கள் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. வழுதாவூர் சாலை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மல்லாட்டை மூட்டைகள் வரும் பருவத்தில் அந்தப் பக்கம் போனால் மண்ணும் பச்சைக் கொட்டையும் கலந்த ஒரு வாசனை வரும். எனக்குப் பிடித்த வாசனை, தேயிலைக்கு ஆகாதது. பக்கத்துக் கூடத்தில் பிளாஸ்டிக் உருக்கும் நாளில் நான் டின்னையே திறப்பதில்லை. காய்ந்த தேயிலை அருகில் எது மணந்தாலும் இழுத்துக்கொள்ளும். ஊதுபத்தி, கற்பூரம், கையில் போட்ட சோப்பு எதுவும் அதற்கு விலக்கு இல்லை. வேலைக்கு வரும் பெண்களிடம் கலவை போடும் நாளில் பூ வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருப்பது இன்றும் எனக்குச் சங்கடம்தான். சீனாவின் ஃபூஜோ நகரத்தில் மல்லிகைத் தேயிலை செய்வதே இந்தக் குணத்தை வைத்துத்தான். பிற்பகலில் பறித்த மொட்டு இரவில் விரியும்போது தேயிலையோடு சேர்த்து அடுக்கி, விரிந்து முடிந்த பூவைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். உயர்ந்த தரத்துக்கு இதையே புதுப் பூவோடு இரவு இரவாகத் திரும்பச் செய்வார்கள். கடைசியில் பூ இருக்காது, மணம் மட்டும் தேயிலையில் தங்கியிருக்கும். என் வேலையில் பாதி இந்த முறைக்குக் கடன்பட்டது.

அடித்தளத் தேயிலைக்கு நான் நீலகிரியை விட்டு வெளியே போவதில்லை. பக்கத்தில் இருப்பதால் மட்டும் அல்ல. அசாம் தேயிலை தடித்த குரல். ஏலத்தையும் பட்டையையும் அதன் மேல் ஏற்றலாம், கமலாத் தோலை ஏற்றினால் அமுங்கிவிடும். நீலகிரித் தேயிலைக்குத் தனியாகவே பூ வாசனை சாயல் உண்டு, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனிக்காலத்தில் கிள்ளிய கொழுந்தில் அது இன்னும் துலக்கம். இன்னொரு நல்ல குணமும் இருக்கிறது. கடுமையான கறுப்புத் தேநீர் ஆறும்போது காஃபினும் தியாஃபிளேவினும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கலங்கிவிடும். நீலகிரித் தேநீர் ஆறிய பிறகும் பெரும்பாலும் தெளிவாக நிற்கும். புதுச்சேரி வெயிலில் பழத் தேநீரை ஐஸ் போட்டுக் குடிப்பவர்களே அதிகம் என்பதால் எனக்கு இது பெரிய விஷயம்.

குன்னூரில் தேயிலை ஏலம் 1963-இலிருந்து நடக்கிறது. அங்கே பெரும்பகுதி சி.டி.சி.; 1930-களில் அசாமில் வந்த, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் இயந்திர முறை. நான் வாங்குவது பழைய முறையில் முறுக்கிய ஆர்த்தடாக்ஸ் இலை, அதிலும் உடைந்த இலைத் தரம். அந்த மலையில் கொழுந்து கிள்ளும் கைகளில் பல, 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்களுடையவை. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழக அரசு டான்டீ தேயிலைத் தோட்டங்களைப் போட்டது. 1976-இல் அது நிறுவனமானது. கோத்தகிரிப் பக்கம் அப்படி ஒரு வீட்டில் பிளேன்டீ கொடுத்தார்கள். இஞ்சி தட்டிப் போட்டு, சீனியைக் கலக்காமல் உள்ளங்கையில் வைத்துக் கடித்துக்கொண்டு குடிக்கும் தேத்தண்ணி. பாலில்லாத தேநீரை எப்படிக் குடிப்பது என்று நம் ஊர் வாடிக்கையாளர் கேட்கும்போதெல்லாம் நான் சொல்லிக் கொடுப்பது அதைத்தான்.

இனிப் பழம். உலர்ந்த பிறகும் வாசனையைக் கைவிடாத பழம் ஒரு குடும்பம்தான், நாரத்தை, கமலா, எலுமிச்சை குடும்பம். காரணம், அவற்றின் வாசனை சதையில் இல்லை, தோலில் சிறு சிறு பைகளாக அடைத்துவைத்த எண்ணெயில் இருக்கிறது. எர்ல் கிரே என்று உலகம் முழுக்க விற்கும் தேயிலைக்கு இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் பெர்கமோட் தோல் எண்ணெய்தான் உயிர். நமக்கு நாரத்தை இருக்கிறது. பெர்கமோட்டுக்கு மாற்று என்று சொல்ல மாட்டேன். அதில் இருக்கும் மெல்லிய லாவண்டர் சாயல் நாரத்தையில் இல்லை. நாரத்தையில் இருக்கும் பச்சைக் காரம் அதில் இல்லை. ஊறுகாய்க்கு உப்பில் சுருட்டிப் போட்ட நாரத்தையைச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தத் தேநீரின் முதல் வாசனையே வீட்டுக் கதவைத் திறந்துவிடும்.

தோல் சீவுவதில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது. மேல்தோலுக்குக் கீழே இருக்கும் வெள்ளைச் சதை கசக்கும். அது அதிகம் ஒட்டினால் தேநீர் ஐந்தாவது நிமிடத்தில் வேப்பங்குச்சிப் பக்கம் போய்விடும். முழுக்கச் சுரண்டி எடுத்தாலும் பைகள் உடைந்து எண்ணெய் கையோடு போகும். ஒரு நூல் அளவு வெள்ளை ஒட்டியிருக்கட்டும் என்று விடுகிறேன். கத்தி கூராக இருக்க வேண்டும், மழுங்கிய கத்தி எண்ணெயைப் பிழிந்துவிடும். உலர்த்தி 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. பழச்சதைக்கு 55, 60 வரை போகலாம், அங்கே எப்படியும் வாசனை மிஞ்சாது. வெயிலில் காயவைத்தால் செலவு மிச்சம்தான். ஆனால் தோலெண்ணெயில் பெரும்பங்கான லிமோனீன் வெயிலும் காற்றும் பட்டு வேறு பொருட்களாக மாறுகிறது. நிறம் நன்றாக இருக்கும், மோந்தால் சீமைச் சோம்பும் பழைய வார்னிஷும் கலந்தாற்போல் ஒரு நெடி வரும்.

ஜூஸ் கடைகளில் தோல் சும்மா கிடைக்கிறதே என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தப் பழங்களில் பலவற்றுக்கு மினுமினுப்புக்காக மெழுகு பூசியிருக்கும், தெளித்த பூச்சிமருந்து தோலில்தான் தங்கும். சாறு குடிப்பவருக்குத் தோல் குப்பை. என் வாடிக்கையாளருக்கு அதுதான் சரக்கு. தோட்டம் தெரிந்த பழத்தை முழுசாக விலை கொடுத்து வாங்கி, சாற்றை வேறு யாருக்காவது கொடுப்பதுதான் எனக்குச் சரிப்படுகிறது.

பலாவைப் பற்றி ஒரு வார்த்தை. பண்ருட்டி எட்டும் தூரத்தில் இருக்கும்போது பலாத் தேயிலை ஏன் இல்லை என்பது இங்கே எல்லோருக்கும் தோன்றும் கேள்வி. பலாச்சுளையைத் தேயிலையோடு கலந்து விற்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நன்றாக வற்றிய சுளையை மெல்லிய துணியில் கட்டித் தேயிலை டின்னுக்குள் வைத்துப் பிறகு எடுத்துவிட்டால், ஃபூஜோ மல்லிகை மாதிரி, ஒரு தூரத்து வாசனை தங்கும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் டின்னில் பலா மட்டும் இருக்கும், தேயிலை இருக்காது.

மசாலாவில் பலரும் கவனிக்காத இடம் நேரம். சி.டி.சி. தேயிலை ஒரு நிமிடத்தில் சாயம் விட்டுவிடும், ஆர்த்தடாக்ஸ் இலைக்கு மூன்று நான்கு நிமிடம். முழுக் கிராம்பும் பட்டைத் துண்டும் அதற்குள் விழித்துக்கூட இருக்காது. அதற்காகக் காத்திருந்தால் தேயிலை துவர்த்துவிடும். பொடி செய்தால் உடனே இறங்கும், ஆனால் கலங்கும், தொண்டையில் நிற்கும். எனவே நொறுக்க வேண்டும், பொடிக்கக் கூடாது. இலையின் அளவுக்கே எல்லாவற்றையும் உடைத்துச் சல்லடை போட்டு எடுக்கிறேன். இதில் இன்னொரு லாபம்: அளவு ஒன்றாக இருந்தால் பொட்டலத்துக்குள் பிரியாது. மிக்சர் பொட்டலத்தில் தூள் அடியிலும் கடலை மேலேயும் போய்ச் சேர்வது போலத் தேயிலைக் கலவையும் பேருந்தில் குலுங்கிக் குலுங்கி அடுக்குப் பிரியும். முதல் கரண்டியில் வெறும் இலை, கடைசிக் கரண்டியில் வெறும் கிராம்பு.

ஒரு கிலோ தேயிலைக்கு நான் போடும் அளவு ஏறக்குறைய இது: கமலாத் தோல் 80 கிராம், சுக்கு 25, பட்டை 15, ஏல அரிசி 12, மிளகு 5, கிராம்பு 4. பால் தேநீருக்குப் பழகியவர்கள் ஏலம் போதாது என்பார்கள். ஏலத்தின் எண்ணெய் பாலின் கொழுப்பில் கரைந்து அமுங்கும், அதனால் அங்கே அதிகம் தேவை. கொழுப்பே இல்லாத கறுப்புத் தேநீரில் கால் பங்கு போதும். எட்டு மில்லிமீட்டர் பச்சைக் காய்க்குப் போடிநாயக்கனூர் ஏலச் சந்தையில் கிடைக்கும் விலை அதன் அழகுக்கு. வாசனை உள்ளே இருக்கும் கறுப்பு அரிசியில், பொடிக் காயிலும் அது குறைவதில்லை. பட்டையில் மெல்லிசாகச் சுருண்ட இலங்கைக் கறுவாவைத் தவிர வேறு வாங்குவதில்லை. தடித்த காசியாப் பட்டை காரமும் மணமும் தூக்கல், ஊறினால் தேநீர் கொழகொழவென்று ஆகும், கூமரினும் அதில்தான் அதிகம். சுக்கு வாங்கும்போது நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணாம்பில் தோய்த்த சுக்கு சந்தையில் உண்டு. அந்தச் சுண்ணாம்பு தேநீரில் இறங்கினால் நிறம் கறுத்துச் சோர்ந்துவிடும். காரத்தன்மையும் புளிப்பும் தேநீரின் நிறத்தை இழுக்கும் திசைகள் வேறு வேறு. எலுமிச்சை பிழிந்ததும் டீ வெளுப்பதைப் பார்த்தவர்களுக்கு மறுபக்கத்தையும் ஊகிப்பது கஷ்டமில்லை.

புதுச்சேரிக்காரர்களிடம் வாசனைத் தேயிலை என்றால் அடுத்த வார்த்தை வனிலா. இது சும்மா வந்த பழக்கம் இல்லை. மொரீஷியஸ் தீவில் வனிலாத் தேநீர் அன்றாடக் குடிப்பு. புவா ஷெரி தோட்டத்துத் தேயிலையை உறவினர் கொண்டுவந்து கொடுத்த வீடுகள் இங்கே இருக்கின்றன. லா பூர்தொனே மொரீஷியஸில் பிரெஞ்சு ஆளுநராக இருந்த 1730-களிலேயே புதுச்சேரிக் கைவினைஞர்கள் அந்தத் தீவுக்குக் கப்பலேறினார்கள். பக்கத்துத் தீவான ரெயூனியனுக்கு, 1848-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டத்துக்குப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அதே ரெயூனியனில் 1841-இல் எட்மோன் அல்பியூஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் ஒரு சின்னக் குச்சியால் வனிலாப் பூவை மகரந்தம் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். மெக்சிகோவுக்கு வெளியே அந்தக் கொடி பெரிய அளவில் காய்க்க ஆரம்பித்தது அவன் கைவண்ணத்தில். இன்றும் உலகத்து வனிலாப் பூக்களைக் கையால்தான் தொடுகிறார்கள். அதனால்தான் அந்த விலை.

2000-இல் மடகாஸ்கரைப் புயல் தாக்கியபின் விலை ஏறியபோது பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கமும் பலர் வனிலாக் கொடி வைத்தார்கள். சில ஆண்டுகளில் விலை விழுந்தது, கொடிகளும் போயின. பச்சை வனிலாக் காய்க்கு வாசனையே கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. வெந்நீரில் முக்கி, கம்பளியில் போர்த்தி வியர்க்க வைத்து, மாதக்கணக்கில் உலர்த்திய பிறகே மணம் எழும். அவ்வளவு பாடுபட்ட காயைக் கிலோ கணக்கில் தேயிலையில் போட எனக்கு வசதி இல்லை. வனிலின் புட்டி மலிவு. 1874-லேயே ஜெர்மனியில் டீமானும் ஹார்மானும் அதைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள்.

என் கை போனது நாட்டு மருந்துக் கடைக்கு. நன்னாரி வேரில் வாசனை தரும் பொருள் வனிலினின் உடன்பிறப்பு. இரண்டுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே, வளையத்தில் தொங்கும் இரண்டு கைகள் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். மாகாளிக்கிழங்கு ஊறுகாயில் வரும் விநோத வாசனையும் இதே பொருள்தான். கோடைக்குக் கோடை நன்னாரி சர்பத் குடித்த ஊர் இத்தனை நாள் வனிலாவைக் கப்பலில் தேடிக்கொண்டிருந்தது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் வேரைத் தேயிலையில் கலந்து கொதிநீர் ஊற்றினால் மண் ருசி முன்னே வந்து நிற்கும். எனவே வேரைத் தட்டி, நடுவில் இருக்கும் கட்டை நாரை எறிந்துவிட்டு, பட்டையை மட்டும் துணி முடிச்சாகத் தேயிலை டின்னுக்குள் வைக்கிறேன். மூடிய டின்னில் அந்த மணம் தானாகவே நகர்ந்து இலைக்குப் போய்விடும். முடிச்சை எடுத்த பிறகுதான் கமலாத் தோலும் சுக்கும் உள்ளே போகும். இந்த வரிசை மாறினால் தோலெண்ணெய் முதலில் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, நன்னாரி வெளியிலேயே நின்றுவிடுகிறது.

இந்த ஊரில் எனக்குப் பெரிய எதிரி அக்டோபர் முதல் டிசம்பர். தொழிற்சாலையிலிருந்து வரும்போது தேயிலையின் ஈரம் நூற்றுக்கு மூன்று நான்கு. கடல் காற்றில் திறந்து வைத்தால் அது ஏறிக்கொண்டே போகும். ஏழு சதவீதத்தைத் தொட்டால் தேநீர் சப்பென்று ஆகிவிடும். பழத்துண்டின் ஈரம் தேயிலைக்கு மாறுவது அதைவிட மோசம், ஏனென்றால் அது டின்னுக்குள்ளேயே நடக்கிறது. நீர்ச்செயல்பாடு 0.6-க்குக் கீழே போகும்வரை பழத்தை உலர்த்தினால் பூஞ்சணம் வராது. கையால் ஒடித்தால் வளையாமல் உடைய வேண்டும் என்பது கருவி இல்லாதவர்களுக்கான கணக்கு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கொட்டியது போன்ற மழையில் உடைய வேண்டிய துண்டு அரை மணியில் வளையத் தொடங்கும். மழை மாதங்களில் நான் கலப்பதில்லை. தோல் மட்டும் உலர்த்தி, தனியாக மூடி வைத்து, தை பிறந்த பிறகு கலவை போடுகிறேன்.

ருசி பார்க்க உலகத்துக்கென்று ஒரு முறை இருக்கிறது. 1980-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 3103, 100 மில்லி நீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என்கிறது. தேநீர் போடுவதற்கு ஆறு பக்கத்தில் தரவிதி எழுதியதற்காகப் பிரிட்டிஷ் தர நிறுவனத்துக்கு 1999-இல் இக் நோபல் கேலிப் பரிசு கொடுத்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே அளவு, ஒரே நேரம் இல்லாவிட்டால் போன கலவையையும் இந்தக் கலவையையும் எதை வைத்து ஒப்பிடுவது? நான் சூடாக ஒரு முறை, வெதுவெதுப்பில் ஒரு முறை, முற்றிலும் ஆறிய பின் ஒரு முறை குடித்துப் பார்க்கிறேன். சூட்டில் எல்லாமே நன்றாக இருக்கும். வெள்ளைச் சதையின் கசப்பும் அதிகப்படி கிராம்பும் ஆறிய தேநீரில்தான் மாட்டும். தண்ணீரும் முக்கியம். எங்கள் கூடத்துக் குழாய்த் தண்ணீரில் போட்டால் மேலே எண்ணெய் போல் ஓர் ஆடை படரும். கடின நீரின் சுண்ணமும் தேயிலையின் துவர்ப்பும் காற்றோடு சேர்ந்து செய்யும் ஏடு அது. அதையும் ஒரு கோப்பை பார்ப்பேன், ஏனென்றால் வாங்குகிறவர் வீட்டிலும் அதே தண்ணீர்தான்.

பால் விஷயத்தில் மட்டும் நான் தோற்றுப்போக ஒப்புக்கொண்டேன். அன்னாசி, செம்பருத்தி, குடம்புளி போட்ட கலவையில் பால் ஊற்றினால் திரிந்துவிடும், அதை யாரும் மாற்ற முடியாது. நன்னாரியும் ஏலமும் சுக்கும் மட்டும் உள்ள கலவைக்கு அந்தப் பயம் இல்லை. தொழிற்பேட்டை ஆட்கள் குடிக்கும் டீக்கடை ஒன்றில் அதைக் கொடுத்தேன். கடைக்காரர் டின்னை மோந்தார்.

"இன்னாக்கா, சர்பத்து வாசன வருது?"

"போட்டுப் பாருங்க தம்பி. டஸ்ட் மாதிரி கொதிக்க வெக்காதீங்க, எறக்கி வெச்சு மூடுங்க."

கொதிக்கத்தான் வைத்தார். அவர் பாய்லருக்கு என் சொல் எட்டவில்லை. ஆனால் அடுத்த வாரம் அவரே கூடத்துக்கு வந்துவிட்டார்.

"சக்கரைய ஒரு கரண்டி கொறச்சுப் போட்டேங்கா. ஒருத்தனும் கேக்கல."

இனிப்பை நினைவூட்டும் வாசனை மூக்கில் ஏறினால் நாக்கு உள்ளதைவிட அதிகமாக இனிப்பை உணரும் என்பது வாசனைக்காரர்களுக்குத் தெரிந்த பழைய தந்திரம். அதை அவரிடம் விளக்கவில்லை. அவர் ஏற்கெனவே கல்லாவில் கணக்குப் போட்டுவிட்டார். அவருக்கு டஸ்ட் வேண்டும், எனக்கு இலை வேண்டும். முக்கால் பங்கு டஸ்ட், கால் பங்கு உடைந்த இலை, நன்னாரி மணம் அந்தக் கால் பங்கில் ஏற்றியது என்று ஒரு சமாதானத்துக்கு வந்திருக்கிறோம். கிலோவுக்கு என்ன விலை என்பதில் இன்னும் பேச்சு முடியவில்லை.